கொண்டை போட்டு வந்தவர்

தேனியில் ஒரு மருத்துவமனையில், தீராத வலிக்காரர்களுக்கு மனநல ஆலோசகர் நடத்திய குழுப் பயிற்சிக்கு என் முதுகுவலியோடு போயிருந்தபோதுதான் அந்தம்மாவைச் சந்தித்தேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மெலிந்த உடம்பு, நெற்றியில் அகலமான குங்குமம். வலது தோளில் எப்போதோ அடிபட்டு, பல வருட வலி. கையைத் தூக்கப் பயந்து வேலையை விட்டிருந்தார். தலையைக்கூட மகள்தான் வாரிவிட்டாள்.

"தோள் வலிக்கிதுன்னு வந்தா மனசு டாக்டர்ட்ட அனுப்புறாக. எனக்கென்ன கிறுக்கா?" என்று முதல் நாள் என்னிடம் பொருமினார்.

ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார்: "உங்க வலி நிஜம்தாம்மா. ஆனா பழைய காயம் ஆறிருச்சு. கைய அசைச்சா ஆபத்துன்னு மூளைதான் இன்னும் பயப்படுது. மூச்ச நிதானமா விட்டு, தினம் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

அன்றிலிருந்து வலி கிளம்பும்போதெல்லாம், குழந்தையைத் தட்டுவதுபோலத் தோளைத் தட்டி "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பார். ஒருநாள் தானே கொண்டை போட்டு, கனகாம்பரம் வைத்து வந்தார். கொண்டை கோணலாக இருந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

"வலி போயிருச்சாக்கா?" என்றேன்.

"எங்க போகும் தாயி? அங்கனதான் கெடக்கு. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். நான் பழம் வெட்டப் போறேன்."

அறுவடை நேரத்தில் அனுமந்தன்பட்டி வழியாகப் போனபோது, சாலையோரத் திராட்சைப் பந்தலுக்கடியில் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தார், கைகளை மட்டும் இறக்கவில்லை.