விழுப்புரத்துப் பேச்சாளர்

திண்டிவனத்தில் பேருந்து நின்றதும் ஜன்னலோரம் ஒரு கூடை வருகிறது. வேகவைத்த மல்லாட்டை; வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர். உப்பும் மண்ணும் ஆவியுமாய் அந்த வாசனை ஏறியதுமே என் ஐம்பது வயதை உதறிவிட்டு, மண்டிக்கு மேல்மாடியில், யாரோ மைக்கை ஃபூ ஃபூவென்று ஊதிக்கொண்டிருக்கும் ஒரு சனிக்கிழமைப் பகலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் மாதர் சங்கம் அங்கேதான் கூடும். கீழே மல்லாட்டை மூட்டைகள், மேலே பெண்கள். மாதம் ஒரு சொற்பொழிவு, அது முடிந்தபின் ஒரு கலை நிகழ்ச்சி. இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் தலைவி டீச்சர் கண்டிப்பு. பாட்டை முதலில் வைத்துப் பார்த்த வருஷம் பாடி முடித்ததும் கூட்டம் எழுந்து போய்விட, பேச வந்த டாக்டரம்மா காலி நாற்காலிகளுக்கு ரத்தசோகையை விளக்கினாராம். பொங்கல் கழிந்ததும் வருஷம் முழுமைக்குமான நிகழ்ச்சி நிரலை மஞ்சள் அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். அதைத் தயாரிப்பது செயலாளர் வேலை. செயலாளர் என் அம்மா.

அட்டையில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் சித்தியின் பெயர் இருக்கும். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட, அம்மாவின் ஒரே தங்கை. காஸ் அடுப்பைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றிச் சித்தி பேசினாள். பல் பராமரிப்பு, சேமிப்பின் அவசியம், மழைக்கால நோய்கள். உலகத்தில் சித்திக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பினேன். பேச்சு பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும், யாராவது கேள்வி கேட்டால் சித்தி சிரித்துவிடுவாள் என்பதெல்லாம் என் நம்பிக்கையைத் தொடவே இல்லை.

"ஏம்மா செயலாளரு, ஒன் தங்கச்சிய விட்டா நாட்டுல ஆளே இல்லியா?" என்பார் மண்டிக்காரர் மனைவி. "போன வாட்டி பல்லு, இந்த வாட்டி காய்ச்சலு. அடுத்தது என்னா, ராக்கெட்டா?"

"விழுப்புரத்துலேர்ந்து ஆளு வர்றாங்கன்னா சங்கத்துக்குத்தான்க்கா மதிப்பு" என்பாள் அம்மா, முகம் மாறாமல்.

சும்மா அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றால் சித்தியின் மாமியார் அனுப்பமாட்டார். "அம்மா அப்பா போய்ச் சேந்தாச்சி, இன்னும் என்னா தாய்வீடு?" என்பாராம். அச்சில் பேர் வந்த அட்டைக்கு முன்னால் மட்டும் அவர் வாய் கொஞ்சம் தயங்கும். சித்தப்பா அதைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார். கூட்டம் முடிந்து விழுப்புரம் பஸ் வரும்வரை அக்காவும் தங்கையும் எங்கள் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் காஸ் அடுப்பும் பல்லும். இதெல்லாம் பிற்பாடு நானாகக் கோத்துப் பார்த்தது.

அந்த ஆடி மாதம் சித்தியோடு மாமியாரும் வந்து இறங்கினார். நீலப் பட்டு, மடியில் கைப்பை, முதல் வரிசை.

"எங்க மருமவ மாசம் வுட்டு மாசம் வந்து என்னாதான் பேசிக்கினு போறான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா அட்டையைப் பார்த்தாள். அச்சகத்தில் நின்றபடி அவசர அவசரமாய்க் கட்டங்களை நிரப்பியவள், எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்று அன்று யோசித்திருக்கவில்லை. சித்தியின் பெயருக்கு நேரே 'குழந்தை வளர்ப்பு' என்றிருந்தது. கல்யாணமாகி வருஷங்கள் போயும் சித்திக்குக் குழந்தை இல்லை. அதை அந்த வீட்டில் தினமும் யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்குச் சொதப்பினால் அட்டையும் போச்சு, பஸ்ஸும் போச்சு.

சித்தி மைக் முன்னால் நின்றாள். கீழே தராசில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"எனக்கு இதுல அனுபவம் பத்தாதுங்க" என்றாள் கடைசியில். "அஞ்சு புள்ளைங்கள வளத்து ஆளாக்குனவங்க இதோ எதுர்லயே உக்காந்துகினு இருக்காங்க. அத்தே, நீங்க வந்து சொல்லுங்க."

"அய்ய, நானா? மைக்குன்னாலே எனக்குப் பேஜாரும்மா!"

முதலில் கைதட்டியது மண்டிக்காரர் மனைவிதான். "வாங்க, வாங்க! எங்களுக்கும் பல்லக் கேட்டுக் கேட்டு காது வலிக்குது."

மாமியார் மைக்கைக் கரண்டிபோலப் பிடித்தார். கேப்பைக் கூழில் ஆரம்பித்தார். கற்பூரவல்லிக்கு வந்தார். மண் தின்ற மூத்த பிள்ளை, ஸ்கூலுக்குப் போகாமல் மரமேறிக்கொண்ட கடைசிப் பிள்ளை, அவன் இறங்குகிறவரை தான் அடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தது. கேள்விமேல் கேள்வி. கும்மிக்காக ஜோடித்து நின்ற பெண்கள் சுவரோடு சாய்ந்து தூங்கிப்போனார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் சொற்பொழிவு முடிந்துவிடுமோ என்று கூட்டம் கவலைப்பட்டது அன்றைக்குத்தான்.

இவ்வளவு நல்ல பேச்சை அம்மா கேட்காமல் போகிறாளே என்று நான் தேடிக்கொண்டு கீழே ஓடினேன். மூட்டைகளின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறம் மல்லாட்டை. சித்தியின் தலை அம்மாவின் தோளில் கிடந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"அம்மா, மேல சூப்பரா பேசறாங்க, ஜல்தி வா!"

"பேசட்டும், பேசட்டும்." அம்மா என் கையில் ஒரு பிடி மல்லாட்டையைத் திணித்தாள். "நீ போய்க் கேளு. முடிக்கிற மாதிரி இருந்தா ஓடியாந்து சொல்லு."

எனக்குக் கோபம். நிகழ்ச்சியைப் போட்டதே இவள். நல்லதாக ஒன்று அமைந்த அன்றைக்கு இப்படியா?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், சங்கத்தில் போட்ட மாலையைக் கழற்றாமலே மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சித்தி, எதிர்ப்பக்கம் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"ஏம்மா, அடுத்த வாட்டியும் நானே வரட்டா? இவளத் தொணைக்கு இட்டுக்கினு வர்றேன். எதப் பத்திப் பேசணும்?"

பஸ் உறுமியது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். அன்றைய பேச்சில் ஒரு வரிகூடக் காதில் வாங்காதவள் எதற்காக இப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

"எது வேணும்னாலும் பேசுங்க அத்தை. நேரம் மட்டும் பாக்காதீங்க. கொஞ்சம் நீட்டியே பேசுங்க."