கலியபெருமாள் அண்ணனும் மூணு பந்தும்

நான் அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல.

கலியபெருமாள் அண்ணன் போயிட்டாரு. இன்னிக்கு காலையில ஆறு மணி சுமாருக்கு, ஆஸ்பத்திரியிலயே. இவரு நெஞ்சுதான் இவர கொண்டு போவும்னு முப்பது வருஷம் முன்னாடியே அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நான்.

தெரியாதவங்களுக்கு... விருத்தாசலத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே செராமிக் கம்பெனி. வூட்டு கரண்ட் போர்டுல மாட்டுற பீங்கான் பீஸ் கட்டை செய்யற எடம்.

நான் மிஷின்ல கட்டை அடிப்பேன். அவரு பக்கத்துல குந்தி, காஞ்ச கட்டையில பிசிறு எடுப்பாரு. ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டாயிரம் கட்டை அடிச்ச ஆளு ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். சரி, ஆயிரத்து ஐநூறு.

பிசிறு எடுத்ததும் கட்டை மேல மாவு மாதிரி மண்ணு நிக்கும். அத தொடைக்க பிரஷ் குடுத்திருந்தாங்க. அண்ணன் பிரஷ்ஷ தொட மாட்டாரு. வாயால ஒரே ஊது... ஃபூ. அடுத்த கட்டை... ஃபூ. நாள் பூரா இதான்.

"அண்ணே, நீ ஊதுறது எங்கயும் போவல. திரும்பி உன் மூக்குலதான் ஏறுது"ன்னேன்.

"சாயந்தரம் ஒரு துண்டு வெல்லம் தின்னா எல்லாம் எறங்கிடும்டா. நீ வேலயப் பாரு"ன்னாரு.

வெல்லம் எறக்கல.

போன மாசம் நிமோனியான்னு பாண்டிச்சேரி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அங்கதான் என் தங்கச்சி பொண்ணு பவித்ரா ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்கிறா. மூச்சுக்குன்னே ஒரு படிப்பு. அத தேடிப் புடிச்சி சேத்து வுட்டதே நான்தான். அவ ஃபாரம்ல எழுதி எடுத்தாந்தா, நான் சரின்னு தலையாட்டினேன்.

ரெண்டு வருஷம் புக்குல படிச்சவ, மொத மொதலா வார்டு போஸ்டிங் போறா. மொத பேஷண்ட் யாருன்னு நெனைக்கிறீங்க... கலியபெருமாள் அண்ணன்.

ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுப்பாங்க. அதுல மூணு குழாய், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கலர் பந்து. பைப்ப வாயில வெச்சி மூச்ச உள்ள இழுத்தா பந்து மேல ஏறணும்.

மூணும் ஏறுச்சின்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு அண்ணனே ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. டாக்டரு அப்படி சொல்லல. ஆனா முட்டி வலியோட வூட்டுல கெடந்த அவரு சம்சாரம் அஞ்சலை அக்காவுக்கு ஃபோன் போட்டு, "மூணு பந்துதான் அஞ்சல, வந்துடுவேன்"னு சொல்லிட்டாரு.

பவித்ரா பைப்ப குடுத்தா. அண்ணன் வாங்கி... ஃபூ.

பந்து அசையல. இன்னும் பலமா... ஃபூ. மூஞ்சி செவந்துடுச்சி. இவ பயந்துபோயி அவங்க சாரு கிட்ட ஓடி, "சார், நெஞ்சுல தெம்பே இல்ல சார், ஒரு பந்து கூட ஏறல"ன்னிருக்கா.

சாரு வந்து பாத்துட்டு, "ஏம்மா, இழுக்கச் சொன்னியா, ஊதச் சொன்னியா?"ன்னாராம். வார்டே சிரிச்சிருக்கு.

எனக்கு ஃபோன் பண்ணி அழுதா. "அப்புறம் பத்து தடவ சொல்லிட்டேன் மாமா. நல்லா தலைய ஆட்டுறாரு, வாயில வெச்சா ஊதுறாரு. எனக்கு இந்தப் படிப்பே வேணாம், நான் ஊருக்கு வந்துடறேன்."

மறுநாளே பஸ் ஏறிட்டேன். நான் உள்ள போனதும் டாக்டருங்க எல்லாம் எழுந்து நின்னாங்க. அவங்க டீ குடிக்க கெளம்புற நேரம் அது.

என்னப் பாத்ததும் அண்ணன், "டேய் தண்டபாணி, முப்பது வருஷம் ஊதுன வாய்டா இது. திடுதிப்புனு இழுன்னா எப்படிடா இழுக்கும்?"ன்னாரு.

"பீடின்னு நெனச்சிக்கண்ணே"ன்னேன்.

நர்சம்மா மொறச்ச மொறப்பு இருக்கே... பவித்ரா தலையில கை வெச்சிகிட்டா. "மாமா! இங்க வந்து பீடியா!"

அண்ணன் கண்ண மூடிகிட்டு இழுத்தாரு. மொத பந்து மேல போச்சி. இருமினாரு. மறுபடி இழுத்தாரு... ரெண்டாவதும் போச்சி.

"பீடிய வுடச் சொன்னதும் இவங்கதான், இப்ப இழுக்கச் சொல்றதும் இவங்கதான்"னு சிரிச்சாரு. அப்புறம் பவித்ராவப் பாத்து, "அழுவாத பாப்பா. நீ சொன்னது அப்பவே புரிஞ்சிடுச்சி. வாய்தான் கேக்கல"ன்னாரு.

அப்புறம் மூணாவது பந்தும் ஏறுச்சி. அங்கேர்ந்தே அஞ்சலை அக்காவுக்கு ஃபோன் போட்டு சொன்னேன். அக்கா அன்னிக்கே முட்டி வலியோட வூட்ட கழுவி வுட்டு, மெத்தைய வெயில்ல காயப் போட்டுச்சி.

நாலு நாள் கழிச்சி திரும்பக் காய்ச்சல் வந்துச்சி. மூச்சு மிஷின் வெச்சாங்க...

இன்னிக்கு காலையில பவித்ராதான் ஃபோன் பண்ணா. அழுவல. ஊருக்கு வரேன்னும் சொல்லல. "அடுத்த பெட்டுல பேஷண்ட் வெயிட் பண்றாரு மாமா, வெக்கிறேன்"னுட்டா.

அண்ணன் வூட்டுக்குப் போனேன். அக்கா என் கையப் புடிச்சிகிட்டு, "மூணு பந்தையும் தூக்குன மனுசன் எப்படி தம்பி போவாரு?"ன்னு கேட்டுச்சி. நான் வாயத் தொறக்கல. என்னத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது எவ்ளோ கஷ்டம்னு.

நாளைக்கு காலையில பத்து மணிக்கு எடுக்கறாங்க. கம்பெனி ஆளுங்க முடிஞ்சவங்க வந்துடுங்க.

அக்காவுக்கு ஃபேஸ்புக் கெடையாது, அதனால இங்க சொல்றேன். வர்றவங்க யாரும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க.

மூணாவது பந்து ஏறல. ரெண்டுதான். மூணுன்னு சொன்னது நான்.

போயிட்டு வாண்ணே.