தெரியாத ஓடுபாதை

கோட்டாறு ரிஃபா கேப்டன் ஆன புதிதில் நடந்தது இது.

அவள் வாப்பா பாவாவுக்குச் சந்தையில் கருப்பட்டிக் கடை. மகள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் பலரும் சிரித்தார்கள். அவர் மட்டும், "முழுசாப் படிச்சு முடிப்பியா?" என்று கேட்டுவிட்டு அனுப்பி வைத்தார். படித்து வந்து, துணை விமானியாகப் பல வருடம் வலது இருக்கையில் உட்கார்ந்தாள். சந்தேகம் வந்தால் இடதுபக்கம் திரும்பி கேப்டன் முகத்தைப் பார்ப்பாள். இப்போது இடது இருக்கை அவளுடையது. திரும்பினால் ஜன்னல்தான் இருந்தது.

அன்று சென்னையிலிருந்து திருவனந்தபுரம். பருவமழைக் காலம் என்பதால் கிளம்பும்போதே எரிபொருளைக் கூடுதலாகப் போடச் சொல்லியிருந்தாள். முன்னால் போன விமானம் இறங்கிவிட்டது. இவர்கள் இறங்கும்போது மழை கனத்தது. ஓடுபாதை கண்ணில் பட்டே ஆகவேண்டிய உயரத்திலும் கண்ணாடியில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. ரிஃபா விமானத்தை மேலே தூக்கினாள்.

"இன்னொரு தடவை பாப்பமா கேப்டன்?" என்றான் துணை விமானி டிஜோ.

அவளுக்கும் ஆசைதான். "அப்பவும் தெரியலேன்னா கொச்சிக்குப் போக எரிபொருள் இருக்குமா?"

டிஜோ அளவைப் பார்த்தான். "இழுத்துப் பிடிக்கணும்."

"அப்பம் இப்பவே கொச்சிக்குப் போவோம்."

கொச்சியில் இறங்கியதும் பயணிகள் பணிப்பெண்களிடம் சத்தம் போட்டார்கள். ரிஃபா விமானி அறைக் கதவைத் திறந்து வந்து நின்றாள்.

"முன்னால போனவங்க இறங்கிட்டாங்களே?" என்றார் ஒருவர்.

"அவங்களுக்கு ஓடுபாதை தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. தெரியாம இறக்க மாட்டேன். முடிவு என்னோடது, இந்தப் பிள்ளைகளை ஏச வேண்டாம்."

முன்வரிசையிலிருந்து தேங்காப்பட்டணம் ஜக்கரியா எழுந்தார். துபாயிலிருந்து சென்னை வழியாக வருபவர். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் அவர் மகளுக்கு நிக்காஹ். "மோளே, வாப்பா நான் போகாம எப்படி நடக்கும்?"

"தெரியும் மாமா. நானும் உங்க பக்கம், கோட்டாறுதான்."

"எப்பக் கிளம்புவீங்க? அதையாவது சொல்லு."

"மழை விட்டாத்தான். இப்ப ஒரு மணி சொன்னா அது பொய்யாப் போயிரும். காருல போறீங்கன்னா இறங்க ஏற்பாடு செய்யுதேன். ஆனா இந்த மழையில ரோடும் சிரமந்தான்."

அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். "ராத்திரி இஷா தொழுகைக்குப் பொறவு வச்சுக்கிடலாமா?" மறுமுனையில் சரி என்றார்கள். அவர் உட்கார்ந்தார்.

பிற்பகலில் திருவனந்தபுரத்தில் மழை குறைந்ததாகத் தகவல் வந்தது. ரிஃபா மறுபடி எரிபொருள் நிரப்பி, விமானத்தைச் சுற்றிப் பார்த்து, கிளம்பினாள். இந்த முறை ஓடுபாதை விளக்குகள் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தன.

இறங்கும்போது ஜக்கரியா கதவருகே நின்றார். "மனசுக்குள்ள ஏசிக்கிட்டுத்தான் இருந்தேன் மோளே. இப்ப இல்ல. விருந்துக்கு வா."

"விமானத்தைச் சென்னைக்குத் திருப்பிக் கொண்டு போவணும் மாமா. படம் அனுப்புங்க." எண்ணைக் கொடுத்தாள்.

அன்றிரவு சென்னையில் வேலை முடிந்து போனைத் திறந்தபோது நிக்காஹ் படம் வந்திருந்தது. ஜக்கரியாவின் கை மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தது. எட்டிப் பார்த்த டிஜோ, "மாப்பிள்ளைக்குக் காத்திருந்தே கண்ணு சொருகிட்டு," என்றான். ரிஃபா சிரித்துக்கொண்டே படத்தை வாப்பாவுக்கு அனுப்பினாள்.