மிட்டாய் பாட்டிலில் மூன்று பல்புகள்

வெயிலுமுத்து ஒரு ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார். கடலைமிட்டாய் தொழில் கொடுத்த பழக்கம் அது. கோவில்பட்டிக்கு வெளியே அவருக்கு ஒரு கம்பெனி. கம்பெனி என்றால் தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, நாலு பலகை, எட்டுப் பொம்பளையாட்கள். மிட்டாய்க் கவரின் மேல் ஒரு விரல் பிசுக்குத் தெரிந்தாலும் போச்சு.

"ஏட்டி, கையைத் துடைச்சிட்டுத் தொடு! துட்டுக் குடுத்து வாங்குதவன் உன் ரேகையையா திங்கணும்?"

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாகு கிண்டப் போன ஆள். அந்தக் காலத்தில் கொதிக்கிற பாகு பட்டு வலது கட்டைவிரலின் குறுக்கே ஒரு தழும்பு. இப்போது வயது ஐம்பத்து மூன்று. தன் கையால் ஆகாத வேலை என்று ஒன்று உண்டு என்பதை அவர் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. சரக்கு ஏற்றுகிற வண்டி ஒன்று வைத்திருக்கிறார், குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அதற்கு ஆயில் மாற்றுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் அவரே. மெக்கானிக்கிடம் விடச் சொன்னால், "ஒரு திருகு முடுக்கதுக்கு ஒரு ஆளாக்கும்?" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை இரண்டு மாதமாக ஒரு பல்பு படாத பாடு படுத்தியது. வண்டியின் இடது முன்விளக்கு.

வலது பக்கம் வண்டிக் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த பல்பு ஆறு வருஷமாக எரிகிறது. இடது பக்கத்துப் பல்பு ஆவணியில் போனது. கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற சுந்தரபாண்டியனிடம் ஒன்று வாங்கினார். பல்பை எடுத்துக் கொடுக்கும்போதே, "அண்ணாச்சி, மாட்டும்போது ஒண்ணு..." என்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பல்பு மாட்டுததுக்கு நீரு எனக்குப் பாடம் எடுக்காதீரும்" என்று அட்டைப்பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் வெயிலுமுத்து.

மாட்டுவது லேசான வேலை இல்லை. விளக்குக்குப் பின்னால் கை நுழைகிற இடம் எலி வளை மாதிரி இருக்கும். ரப்பர் மூடியைக் கழற்ற வேண்டும், பிளக்கைப் பிடுங்க வேண்டும், அதற்கப்புறம் ஒரு வளைந்த கம்பி. அது கண்ணுக்குத் தெரியாது, தடவித் தடவித்தான் அமுக்க வேண்டும். பிடி நழுவினால் சடாரென்று துள்ளி உள்ளே எங்கேயோ ஒளிந்துகொள்ளும். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துபோனது. "இந்த வண்டியைச் செஞ்சவன் கையென்ன பச்சப்பிள்ளை கையா?" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஏசினார். அப்படிப் போட்ட பல்பு இருபது நாள்தான் எரிந்தது. அதே கடையில் ஆள் விட்டு வாங்கிய அடுத்தது ஒன்பது நாள். போன பல்புகளைத் தூர எறியவில்லை. ஒரு காலி மிட்டாய் பாட்டிலில் போட்டு வண்டியிலேயே வைத்தார். சாட்சி வேண்டுமே.

ஐப்பசி பிறந்தது, எப்.சி.க்கு நாளும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும். பழைய எப்.சி.க்கு அன்றோடு கெடு. அன்றைக்கு விட்டால் வேறு தேதி கிடைக்கப் பத்து நாள் ஆகும். பத்து நாள் வண்டி நகர முடியாது. கொட்டகையில் அறுபது பெட்டி மிட்டாய் அடுக்கிக் கிடக்கிறது. மேலே மூடாக்குப் போட்ட வானம். ஈரக்காற்று ஏறினால் கடலைமிட்டாய் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாடுகூடத் தின்னாது. அறுபது பெட்டியும் குப்பைக்குத்தான்.

அதனால் விடியற்காலம் பாகு ஊற்றி, எண்ணெய் தடவிய பலகையில் பரத்திவிட்டு, அதே சூட்டில் மூன்றாவது பல்பை மாட்டிக்கொண்டு எப்.சி. பார்க்கிற மைதானத்துக்குப் போனார். அங்கே பதினெட்டு வண்டி வரிசையில் நின்றது. கரிசல் சகதி டயரைக் கவ்விப் பிடித்தது. பல்பு எரிகிறதா, எரிகிறதா என்று இறங்கி இறங்கிப் பார்த்தார். கடைசியில் விளக்கை அணைக்கவே பயந்துபோய்ப் போட்டபடியே உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு வண்டி இருக்கும்போது பொசுக்கென்று ஒரு சத்தம். இடது கண் மூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒத்தக் கண்ணோட வந்தா எப்படிப்பா? ஒரு மணி வரைக்கும் இருப்பேன். பல்பைப் போட்டுட்டு வா. இல்லைன்னா புதுசா நாள் வாங்கிக்க."

மணி அப்போது பன்னிரண்டு.

வேறு ஆளாக இருந்தால் பக்கத்தில் ஏதோ ஒரு கடையில் ஒரு பல்பு வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். வெயிலுமுத்துவுக்குத் தலைக்குள் பாகு கொதித்தது. செத்துப்போன மூன்றாவது பல்பையும் கழற்றிப் பாட்டிலில் போட்டார், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து நேராகச் சுந்தரபாண்டியன் கடைக்குப் போனார். கண்ணாடி மேஜை மேல் பாட்டிலை டொக்கென்று வைத்தார்.

"வேய் சுந்தரபாண்டி!"

பத்து வருஷமாக அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய். சுந்தரபாண்டியன் நட்டுகளை எண்ணுவதை நிறுத்தினார்.

"என்னவே, என்ன வந்துச்சு?"

"மூணாவது பல்பு. காலையில மாட்டினது மத்தியானம் தாண்டல. கம்பெனிக்காரன் பல்பு ஆறு வருசம் எரியுது, உம்ம பல்பு ஆறு மணி நேரம் எரியுது. டூப்ளிகேட் விக்கதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு!"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். பக்கத்து டீக்கடை முப்பிடாதி கையில் கிளாசோடு வந்து வாசலில் நின்றார்.

சுந்தரபாண்டியனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டார். "எப்படி மாட்டினீரு?"

"கையாலதான். பின்ன காலாலயா மாட்டுவாவ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அதுவரைக்கும் சொல்லிக் கொடுக்கிற எண்ணத்தில் இருந்த சுந்தரபாண்டியன் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போம்வே! டூப்ளிகேட்னு சொன்ன வாய்க்கு என் கடையில பல்பு கிடையாது. எங்கன வேணும்னாலும் போய் வாங்கிக்கிடும்."

"வாங்குதேன். அதுக்கு முந்தி நீரு ஒண்ணு செய்யணும். பல்பு நல்ல பல்புன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிற வார்த்தை அந்தப் பக்கத்தில் விளையாட்டு இல்லை. பொய்யாக இருந்தால் பிள்ளைகுட்டிகளைப் பிடிக்கும் என்று நம்புகிற ஊர்.

"வேண்டாம் அண்ணாச்சி," முப்பிடாதி உள்ளே வந்துவிட்டார். "அவிய வீட்டுல பேத்தி பிறந்து பதினெட்டு நாளுதான் ஆவுது. சூடத்தை எல்லாம் கேக்காதீரும். உமக்கு மணி ஆவுதுல்லா, போய்ப் பல்பைப் பாரும்."

"பயமா இருந்தா விட்டுரச் சொல்லும்" என்றார் வெயிலுமுத்து. சொன்ன பிறகுதான் அந்தப் பதினெட்டு நாள் பிள்ளை ஞாபகம் வந்தது. ஆனால் வெளியே வந்த வார்த்தையை எந்தக் கொம்பன் உள்ளே இழுக்க முடியும்?

சுந்தரபாண்டியன் திரும்பினார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவிலிருந்து ஒரு கட்டிச் சூடம் எடுத்தார். கிரீஸ் டப்பா மூடியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தார். தீக்குச்சி உரசினார், இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. மழை மூடாக்கில் இருட்டிக் கிடந்த கடைக்குள் சூட வெளிச்சம் எல்லோர் முகத்திலும் மஞ்சளாக ஏறியது.

"எல்லாரும் பார்த்துக்கிடுங்க" என்றார் வெயிலுமுத்து. ஊருக்குக் காட்டுவதற்காகப் பாட்டிலைத் திறந்து காலையில் போன பல்பை எடுத்து அந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் பார்த்தார்.

பல்பின் கண்ணாடி முழுக்கக் கருகவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பூத்துப் புடைத்திருந்தது. நீள்வட்டமாக ஒரு பூப்பு. அதன் குறுக்கே, எதுவும் படாமல் தெளிவாக ஒரு கோடு. அடுத்த பல்பை எடுத்தார். அதிலும் அதே இடத்தில் அதே பூப்பு. மூன்றாவதில் கொஞ்சம் மங்கல், ஆனாலும் அதே கதைதான். பல்பை எப்போதும் எப்படிப் பிடிப்பாரோ அப்படிப் பிடித்தார். கட்டைவிரல் தானாகப் போய் அந்த வெள்ளையின் மேல் உட்கார்ந்தது. தழும்பு கோட்டின் மேல் உட்கார்ந்தது.

கடலை எண்ணெய்க் கை. கண்ணாடியில் பட்ட பிசுக்கு, விளக்குச் சூட்டில் வெந்து, அந்த இடத்தையே தின்றிருக்கிறது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவரின் மேல் ரேகை விழுந்தால் என்ன ஆகும் என்று முப்பது வருஷமாகக் கத்துகிற ஆளுக்கு அது புரிய ஒரு நொடி போதும்.

அந்த ஒரு நொடியில் சுந்தரபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓங்கிவிட்டார். உதடு முணுமுணுத்தது. பேத்தி பேரைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெயிலுமுத்து யோசிக்கவில்லை, பல்பை மேஜை மேல் போட்டார். குறுக்கே பாய்ந்து தன் வலது கையைச் சூடத்தின் மேல் அடித்தார். தீ அணைந்தது. கை பொரிந்தது. அவர் எடுக்கவில்லை.

சுந்தரபாண்டியன் கண்ணைத் திறந்தார். "என்னவே செஞ்சீரு? சத்தியம் பண்ண வேண்டியவன் நான்லா?"

அணைத்தவன்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நாலு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பல்பு நல்ல பல்பு" என்றார் வெயிலுமுத்து. "இது சத்தியம்." இடது கையால் மூன்று பல்பையும் மேஜை மேல் தள்ளினார். "எண்ணெய்க் கை, அண்ணாச்சி. என் கைதான்."

சுந்தரபாண்டியன் ஒரு பல்பைத் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கே சொல்ல வாயைத் தொறந்தேன்லா. கண்ணாடியைத் தொடாம, அடியைப் பிடிச்சு மாட்டும்னு. அதுக்குள்ள பறந்துட்டீரு."

"மணி பன்னெண்டே முக்கால்!" என்று முப்பிடாதி வாசலிலிருந்து கத்தினார்.

வெந்த கையால் எலி வளைக்குள் நுழைய முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. சுந்தரபாண்டியன் அலமாரியிலிருந்து புதுப் பல்பு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார், வெள்ளைத் துணி ஒன்றைத் தோளில் போட்டார். முப்பிடாதியைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார். வெயிலுமுத்து பின்னால் ஏறிக்கொண்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. பொத்திய உள்ளங்கையை மழைக்கு விரித்துப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில் வரிசை தீர்ந்துபோய்க் குட்டியானை மட்டும் சகதியில் தனியாக நின்றது. இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சுந்தரபாண்டியன் துணியால் பல்பின் அடியைப் பிடித்து உள்ளே விட்டார். கம்பி ஒருமுறை துள்ளியது. "வலதோரம் அமுக்கும், அங்கன ஒரு பள்ளம் இருக்கும்" என்று வெயிலுமுத்து சொன்னார். கம்பி விழுந்தது. பிளக் ஏறியது.

"சார்! ஒரு நிமிசம் சார்!"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஒரு காலை ஜீப்பில் வைத்தபடியே, "போடு" என்றார்.

வெயிலுமுத்து இடது கையால் சுவிட்சைத் திருகினார். எரிகிறதா என்று முன்னால் வந்து பார்க்கத் தைரியம் இல்லை. இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

ஜீப் போன பிறகு சுந்தரபாண்டியன் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "காலையில டீ குடிச்சதோட சரி. வண்டியில மிட்டாய் கிடக்கா?"

"கிடக்கு."

"ஒண்ணு குடும். கையைத் துடைச்சிட்டுக் குடும்வே."

வெயிலுமுத்து இடது கையைக் கைலியில் துடைத்தார். பிறகு குனிந்து கைலியைப் பார்த்தார். விடியற்காலத்து எண்ணெய் அத்தனையும் அதில்தான் இருந்தது. மைதானத்து மூலையில் இருந்த குழாயைப் பார்த்து நடந்தார்.