ஜன்னலுக்கு வராத நிலா

பௌர்ணமியன்று மாலை, வேலை முடிந்து எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது கிரேன் அக்கா மட்டும் கீழே இறங்கமாட்டார். இருபது ஆள் உயரத்தில், ஒருவர் உட்கார மட்டுமே இடமுள்ள கண்ணாடிக் கூண்டு அவருடையது. இறங்கி ஏற அரைமணி ஆகும் என்று பகலெல்லாம் தண்ணீரை வாய் நனைக்க மட்டுமே குடிப்பார். கீழே நின்று கையசைத்துக் கம்பிக்கட்டுகளை ஏற்றிவிடுபவன் நான். "பாத்து அனுப்பு தம்பி, மேல வர்றது கம்பி, பூமாலை இல்ல" என்று வாக்கி-டாக்கியில் சிரிப்பார்.

வீடு அடுத்த சந்தில்தான். கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை. ஜன்னல் வழியே கிழக்கு மலையில் நிலா ஏறுவதைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் கட்டடம் மாடி மாடியாக எழும்பி அதையும் மறைத்துவிட்டது. "என் கையாலேயே தூக்கித் தூக்கி வச்சு அவர் ஜன்னலை அடைச்சேன்" என்பார் அக்கா.

அதனால் கூண்டிலிருந்து போன் போட்டு நிலாவைச் சொல்லுவார். மேகம் மூடிய நாளிலும் விடமாட்டார். "இங்க கூரையில மழை கொட்டுது, உனக்கு மட்டும் எங்கேருந்துடி நிலா வந்துச்சு?" என்று கணவர் ஒருமுறை கேட்டே விட்டாராம்.

கூண்டில் போன் பேசக்கூடாது என்பது விதி. போன மாதம், வாக்கி-டாக்கியின் பொத்தான் தொடைக்கடியில் அழுந்திக்கிடந்ததை அக்கா கவனிக்கவில்லை. வேலைத்தளம் முழுக்க அவர் குரல்.

"மலை விளிம்பு வெளுக்குதுங்க... இருங்க, அவசரப்படாதீங்க... ஒரு கீத்து... செக்கச்செவேல்னு... மரமெல்லாம் அதுக்குள்ள நிக்குது. இந்தா, மலையை விட்டுடுச்சு. மிதக்குதுங்க."

குழாயை மூடக்கூட மறந்து நின்றோம். தரையிலிருந்து எங்களுக்கு மலை தெரியாது. ஆனாலும் எல்லா முகமும் கிழக்கே திரும்பியிருந்தது. என் பக்கத்தில் இன்ஜினியரும் நின்றிருந்தார்.

மறுநாள் அவர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"கேபின்ல போன் பேசினா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

இன்ஜினியர் மேஜைமேல் கிடந்த வரைபடத்தைச் சுருட்டினார். "அடுத்த பௌர்ணமிக்கு வீட்டுக்காரரை நேர்லயே கூட்டிட்டு வாங்க. ஆள் ஏத்துற லிஃப்ட் அன்னிக்கு ஏழரை வரைக்கும் ஓடும்."

நேற்று நாலு பேராகத் தாங்கிக் கூட்டி வந்தோம். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பூச்சு சரியில்லை, மூலை நேரில்லை என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்த கொத்தனார், மலைக்குப் பின்னால் வெளிச்சம் கசிந்ததும் குறையை மறந்து கழுத்தை நீட்டினார். தணல் நிறத்தில் ஒரு விளிம்பு எழுந்தது. பாதி ஏறியபோது மலையுச்சியின் ஒற்றை மரம் அதன் நடுவே கிளை கிளையாகத் தெரிந்தது. பிறகு மரம் கீழே தங்கிவிட, நிலா மட்டும் வந்தது.

அக்கா அதைப் பார்க்கவேயில்லை. கணவரின் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றி, அதில் படிந்திருந்த சிமெண்டுத் தூசியைத் துப்பட்டா நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார்.