நாற்பது நொடிச் சலங்கை

குஞ்சபாபு தன் வாழ்நாளில் ஒப்புக்கொண்ட திருட்டு ஒன்றே ஒன்றுதான். பணமோ பண்டமோ அல்ல, லக்னோவிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரியின் நாற்பது நொடிச் சலங்கைச் சத்தம். போன மார்ச்சில் அவர் இறந்தார். அதுவரை அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கும் திரும்பச் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இம்பாலில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் தொடங்கியவர். பிறகு முப்பது ஆண்டுகள் மேடைகளுக்கு மைக் கட்டினார். அரங்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், மூலைக்கு மூலை நின்று கை தட்டிப் பார்ப்பார். அளக்கும் கருவிகள் வந்த பிறகும் அந்தக் கைதட்டலை விடவில்லை. இந்த ஒரு கதையைத் தவிர மற்றபடி பேச்சு குறைவு. வெற்றிலை அதிகம்.

மனைவி பிலாஷினி ராஸ் என்னும் மணிப்புரி நடனம் ஆடுபவள். முழங்கால் அறுவைக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் மேடை ஏறவில்லை. ஆறாம் ஆண்டு ஒரு கலைக்குழு, கதக்கையும் மணிப்புரியையும் ஒரே மேடையில் சேர்த்து ஆட வைக்க நினைத்தது. மணிப்புரிக்குப் பிலாஷினி. கதக்குக்கு லக்னோவிலிருந்து கௌசர். ஒலி வேலை குஞ்சபாபுவுக்கு.

ஒத்திகையன்று நண்பகலிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது. கௌசர் ஒரு காலுக்கு நூறு சலங்கை கட்டியிருந்தாள். குதிகாலால் பலகையை அறைந்தால் அரங்கம் அதிர்ந்தது. பிலாஷினிக்குச் சலங்கையே கிடையாது. பாதம் தரையைத் தொடுவது தெரியக் கூடாது என்பதுதான் அவள் படித்த பாடம். பீப்பாய் போல விறைத்து நிற்கும் பாவாடை காலை மறைக்கும், மெல்லிய முக்காடு முகத்தை மறைக்கும். மிச்சம் இருப்பது இரண்டு கைகள்.

பூங் என்னும் மணிப்புரி மத்தளம் வாசிக்கும் ஆசான், ஓஜா நிமாய், குஞ்சபாபுவைக் கவனித்துவிட்டார்.

"என்னப்பா குஞ்சா, பேதி மருந்து குடிச்சவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

"அடைமழையில அகல் விளக்கு ஏத்துற கதையா இருக்கு ஓஜா. என் வீட்டுக்காரி அணைஞ்சு போயிடுவா."

"உன் வீட்டுக்காரி ஆடி நீ என்னிக்குப் பார்த்த? அந்த மைக் பெட்டியத்தான பார்த்துக்கிட்டு நிப்ப!"

மேடை விளிம்பில் படுக்கவைத்திருந்த தரை மைக்கைக் கௌசர் குனிந்து பார்த்தாள். "பாய் சாப், எங்க ஊர்லகூட என் சலங்கைய இவ்வளவு சுத்தமா யாரும் கேக்க வச்சதில்ல" என்றாள். அந்தப் பாராட்டு அவருக்கு நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது.

மறுநாள் மாலை அரங்கம் நிறைந்தது. இருவரும் தனித்தனியாக ஆடி முடித்தார்கள். கடைசியில் சேர்ந்து ஆடும் பகுதி. ஏழு மாத்திரைச் சுற்று. மேடையின் இடது ஓரத்தில் தபலா, வலது ஓரத்தில் நிமாயின் பூங். கௌசர் நடுக்கோட்டில் சுழன்றுகொண்டே வர வேண்டும். பிலாஷினி அவளை ஊடறுத்து எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

தொடங்கிய உடனே குஞ்சபாபுவின் விரல் தரை மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தது. முழுக்க இழுத்தது. யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டார். தபலா கேட்கிறது, பூங் கேட்கிறது. சலங்கை மட்டும் முன்வரிசையோடு நின்றுவிடும். பிலாஷினியின் கைகள் இப்போது பார்வைக்குத் தனியாக மிதந்தன. 'பிழைத்தாள்' என்று நினைத்தார்.

சரியாக இருபத்தைந்து நொடி அப்படி நினைத்தார்.

அவருடைய கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. கோயில் மண்டபத்தில் ராஸ் நடக்கும்போது பூங்காரர் ஆடுபவளுக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்பார். அங்கே யாருக்கும் யார் சத்தத்தையும் மேடைக்குள் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில், மேடைக்குள் யாருக்கு எது கேட்க வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. இங்கே இரண்டு வாத்தியத்துக்கும் நடுவே இருபத்தைந்து அடி. இரண்டையும் ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருந்தது மேடைக்குள் திரும்பியிருந்த சிறு ஸ்பீக்கரில் கேட்ட சலங்கை. குஞ்சபாபுவின் ஒலிக்கலவை மேசை பழையது. ஃபேடரை இறக்கினால் அரங்கத்தோடு அந்த ஸ்பீக்கரும் ஊமையாகும்.

தன் மத்தளச் சத்தத்துக்கு மேல் சலங்கை கேட்காமல் நிமாய் கழுத்தை நீட்டித் தேடினார். பூங் கால் மாத்திரை பிந்தியது. பிறகு அரை மாத்திரை. பிலாஷினி பூங்கின் தாளத்தில் நகர்ந்தாள், கௌசர் தபலாவின் தாளத்தில் சுழன்றாள். இருவரும் ஒரே இடத்தை நோக்கி ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாவாடையோடு சட்டென்று பின்வாங்க முடியாது. அந்த முழங்காலோடு அறவே முடியாது.

குஞ்சபாபு ஃபேடரை ஒரே மூச்சில் மேலே தள்ளினார். சலங்கை அரங்கத்தில் கொட்டியது. நிமாய் தலையைத் திருப்பி, அரை மாத்திரையை விழுங்கி, அடுத்த அடியில் பிடித்துக்கொண்டார். பிலாஷினி விரைந்ததாகத் தெரியவில்லை. தோளைச் சற்றுச் சாய்த்தாள், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கடந்துவிட்டார்கள்.

குஞ்சபாபு ஃபேடரிலிருந்து கையை எடுத்தார். அதன் பிறகு அவர் மேசையைப் பார்க்கவேயில்லை, மேடையைப் பார்த்தார். சலங்கை முழுச் சத்தத்தில் இருந்தது. பிலாஷினி அணையவில்லை. கூட்டத்தின் கண் அவள் விரல் போன திசையெல்லாம் போனது.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு முதியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி, பிலாஷினியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். ராஸ் ஆடியவரைத் தெய்வமாகக் கண்டு வணங்குவது அந்த ஊர் வழக்கம்; ஆடியவரும் பதிலுக்கு வணங்க வேண்டும். பிலாஷினியும் பாவாடையை அமுக்கி, நெற்றியைத் தரையில் வைத்தாள். முதியவள் எழுந்து கௌசரின் முன்னும் விழுந்தாள். கௌசர் பதறிவிட்டாள்.

"ஐயையோ, எழுந்திருங்கம்மா!"

"எழுப்பாதீங்க, நீங்களும் விழுங்க" என்றாள் பிலாஷினி இந்தியில். கௌசர் விழுந்தாள், இருநூறு சலங்கையும் கலகலக்க.

தேநீர் வந்தபோது குஞ்சபாபு கௌசர் முன்னால் போய் நின்றார். அவருடைய இந்தி சினிமா இந்தி. பாதி சொல்லி, மீதியை மனைவியிடம் கொடுத்தார். பிலாஷினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"லின்தோயி அப்பா, உங்களை நான் எனக்குக் குடை பிடிக்கச் சொன்னேனா?"

"சொல்லல."

"பின்ன? நசுங்கிச் செத்திருப்பேன்."

"அத அவங்களுக்குச் சொல்லு. நான் செஞ்சதையும் சொல்லு."

சொன்னாள். கௌசர் கோப்பையைக் கீழே வைத்தாள். குஞ்சபாபு அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"நீங்கதானா?" என்றாள் கௌசர். "யா அல்லா! சலங்கை சட்டுனு மங்கிப்போச்சு, எனக்குக் காது போச்சுன்னு நெனச்சேன். அம்பத்திரண்டு வயசு, எங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு. ஆடிக்கிட்டே அழுதுட்டேன் பாய் சாப்!" நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ஜனவரியில ரெண்டு பேரும் லக்னோ வாங்க. இதையே அங்க ஆடுவோம். மைக்குக்கு இவர்தான் வரணும். திருடன் கையிலயே சாவியக் குடுத்துட்டா பயமில்ல."

நிமாய் வாய் நிறைய வெற்றிலையோடு, "வண்டிச் செலவ இவன் சம்பளத்துல பிடிங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிலாஷினி படியில் நின்று முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

அன்று இரவு குஞ்சபாபு நொதித்த மீனும் மிளகாயும் மசித்த எரோம்பாவை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.