காவிரிப் பாலத்தில் கவிழ்ந்த கடல்

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். நான் படித்தது திருச்சியில், ஒரு பெண்கள் கல்லூரியில். அந்த வருடம் ஓவியப் போட்டி அறிவித்தார்கள். சுற்றுலாவில் பார்த்த தரங்கம்பாடிக் கடல் என் கண்ணை விட்டுப் போகாமல் இருந்ததால், அதையே ஆயில் பெயின்ட்டில் வரைந்தேன்.

அலை, படகு என்று கோடு போட்டு வரைந்த படம் இல்லை. காலை வெயில் தண்ணீரில் சிதறியதை நீலமும் மஞ்சளும் ரோஸுமாகத் திட்டுத் திட்டாக அப்பியிருந்தேன். தள்ளி நின்றால் கடல் தெரியும். அம்மா கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, சட்னி அரைச்சு வெச்சாப்ல இருக்கு" என்றாள்.

வண்ணத்தைத் தடிமனாகப் பூசியதால் காயவே இல்லை. கொடுக்க வேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது. ஈரப் படத்தைக் காகிதத்தில் சுற்றவும் முடியாது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம்.

ஜன்னலோர இருக்கையில் அரக்குப் பட்டுப்புடவையில் ஓர் அக்கா. "ஏம்மா, விழுந்துடப் போற. இப்படிக் கொடு, நான் மடியில வெச்சுக்கறேன்" என்றார்.

"வேண்டாங்க்கா, பெயின்ட் இன்னும் காயலை."

"ஓரத்தப் பிடிச்சுக்கறேன், கொடு."

கொடுத்தேன். தம்பிக்குப் பெண் பார்க்கப் பாலக்கரைக்குப் போகிறாராம். மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்களாம். மூத்த அக்கா இவர்தான், இவர் போய்த்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டுமாம். பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் முன்னால் சரிய, அந்த இடியில் என் படம் அப்படியே அந்த அக்காவின் மார்பில் சாய்ந்தது.

நிமிர்த்தியபோது என் உயிரே போய்விட்டது. பட்டுப்புடவையின் முந்தானையெல்லாம் நீலம். மோவாயில்கூட ஒரு தீற்றல். பஸ்ஸே எங்களைப் பார்த்தது. இனி என்ன திட்டு விழுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ, படம் போச்சாம்மா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. புடவையை அவர் இன்னும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு அவரும் இறங்கினார். ஒரு கடை நிழலில் பெயின்ட்டைக் கரைக்க என் பையில் வைத்திருந்த டர்பன்டைனைக் கைக்குட்டையில் நனைத்துப் புடவையைத் துடைத்தேன். பெரும்பாலும் போய்விட்டது; வெளிறிய நீலம் மட்டும் அங்கங்கே நின்றது.

"போதும். மடிப்புக்குள்ள சொருகிக்கறேன். நீ உன் படத்தைப் பாரு."

கரையோர அலை முழுவதும் கலங்கியிருந்தது. பையிலிருந்த பெயின்ட் டியூபில் மிச்சமிருந்த வெள்ளையைப் பிதுக்கி விரலாலேயே சரிசெய்தேன். அதுவரை அவர் படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்ததும் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அட! கடலு!" என்று அவர் சிரித்த சிரிப்பு, எந்தப் பரிசையும்விடப் பெரிதாக இருந்தது.

"பொண்ணு வீட்ல இந்த டர்பன்டைன் வாசனையைப் பத்திக் கேட்டா என்னக்கா சொல்வீங்க?" என்று தயங்கிக் கேட்டேன்.

"வர்ற வழியில கடல்ல ஒரு முழுக்குப் போட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றவர், அவசரமாக அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

போட்டியில் என் படத்துக்குப் பரிசு இல்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. அந்தத் தம்பிக்கு அந்தப் பெண் அமைந்ததா என்பதுதான் இன்றுவரை தெரிந்துகொள்ள ஆசை. வீட்டில் யார் கை தவறி எதைக் கொட்டினாலும் உடைத்தாலும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் என் வாய் திறப்பதற்குள், நீலம் அப்பிய மோவாயோடு என்னைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.